பொதித் தெரிவுகளுக்குப் பெயர் வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை, மேலூர், திருமங்கலம் என்று ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு நாங்கள் ஆறு பேர் மென்பொருள் பொதிகளுக்கான (பேக்கேஜ்) ஒரு சிறிய களஞ்சியத்தைப் பராமரிக்கிறோம். ஜென்டூ லினக்ஸின் மேல் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் களஞ்சியம் அது. தமிழ் விசைப்பலகைகள், எழுத்துருக்கள், பாமினி போன்ற பழைய குறியாக்கங்களை யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள், அச்சகங்களுக்கு வேண்டிய சில்லறைச் சாமான்கள் எல்லாம் அதில் உண்டு. சில டி.டி.பி. கடைகளும் ஒரு கல்லூரி ஆய்வகமும் அதை நம்பி ஓடுகின்றன. தெரிவுகளின் பெயரைச் சோதிக்கும் நிரல் ஒன்றைக் களஞ்சியத்தின் வாசலில் வைத்த நாளிலிருந்து ஒரே மாதிரிக் கேள்விகள் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டதால் இந்தப் பக்கம்.

ஒரு குறிப்பு: தெரிவுகளின் பெயர்களை இங்கே படிக்க வசதியாகத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். கோப்பில் அவை ஆங்கில எழுத்தில்தான் இருக்கும். ஏன் என்பது கீழே வருகிறது.

பொதித் தெரிவு என்றால் என்ன?

பெரும்பாலான லினக்ஸ் வழங்கல்களில் பொதி சமைத்த சோறாக வரும். ஜென்டூவில் வழக்கமாக அரிசியாக வரும். உங்கள் கணினியில்தான் உலை வைக்க வேண்டும். மூலநிரலைத் தொகுக்கும்போது ஆவணங்கள் வேண்டுமா, ஒலி வேண்டுமா, அச்சு வசதி வேண்டுமா என்று தேர்ந்துகொள்ளும் சுவிட்சுகளே தெரிவுகள். ஜென்டூக்காரர்கள் 'யூஸ் ஃபிளாக்' என்பார்கள். ஒரு பொதிக்கு மட்டும் வேண்டுமானால் 'பேக்கேஜ்.யூஸ்' கோப்பில் எழுதலாம். கணினி முழுவதற்கும் வேண்டுமானால் 'மேக்.கான்ஃப்' கோப்பில் ஒரே வரியில் எழுதலாம். இந்த இரண்டாவது வசதிதான் பெயரை இவ்வளவு பெரிய விஷயமாக்குகிறது. நூறு பொதிகள் ஒரே வரிக்குக் காது கொடுக்க வேண்டுமானால், நூறிலும் அந்தச் சுவிட்சுக்கு ஒரே பெயர் இருக்க வேண்டும்.

பெயர் எப்படி இருந்தால் என்ன, வேலை செய்தால் போதாதா?

ஓர் ஆவணி மாதம், முகூர்த்தங்கள் நெருங்கிக்கொண்டிருந்த சமயம். டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் பத்திரிகை அச்சடிக்கும் ஒரு கடையிலிருந்து தொலைபேசி வந்தது. "தம்பி, நேற்றுவரை தட்டிக்கொண்டிருந்த விசைப்பலகையைக் காணோம். கொஞ்சம் வந்து பாருங்கள்." போனேன். தட்டச்சு செய்யும் அக்கா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேசையில் மூன்று கல்யாணப் பத்திரிகைகளின் கையெழுத்துப் படிகள். அவருக்குத் தமிழ்99 மட்டும்தான் தெரியும். விரல்களுக்கு அது பழகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. உள்ளீட்டுப் பட்டியலில் மற்ற அமைப்புகள் எல்லாம் இருந்தன, தமிழ்99 மட்டும் இல்லை.

முதல்நாள் இரவு கணினி தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டிருந்தது. எங்கள் விசைப்பலகைப் பொதியின் புதிய பதிப்பை எழுதியவர், சுருக்கமாக இருக்கட்டும் என்று 'தமிழ்99' என்ற தெரிவை 'தம்99' என்று மாற்றிவிட்டிருந்தார். கடையின் மேக்.கான்ஃப் கோப்பில் பழைய பெயர்தான் இருந்தது. எந்தப் பொதியிலும் இல்லாத ஒரு பெயர் அந்தக் கோப்பில் இருந்தால், ஜென்டூவில் பொதிகளை நிறுவும் மேலாளரான போர்ட்டேஜ் ஒரு வார்த்தையும் சொல்லாது. நிறுவாத பொதிகளுக்கான பெயர்கள் அங்கே கிடப்பது வழக்கம்தானே என்று விட்டுவிடும். புதிய பெயரை யாரும் இயக்கவில்லை. ஆகவே அது அணைந்தே இருந்தது. தொகுப்பு வெற்றி, பிழை எதுவும் இல்லை, விசைப்பலகையும் இல்லை.

நிறுவுவதற்கு முன் போர்ட்டேஜ் காட்டும் பட்டியலில் தடயம் இருந்தது. பழைய பெயர் அடைப்புக்குறிக்குள்ளும், புதிய பெயர் விழுக்காட்டுக் குறியோடும் நின்றன. தெரிவு நீக்கப்பட்டிருக்கிறது, வேறொன்று புதிதாகச் சேர்ந்திருக்கிறது என்று அதற்கு அர்த்தம். இரவு இரண்டு மணிக்கு அதை யார் பார்ப்பார்கள்?

திருத்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. அந்தப் பெயர் மாற்றத்தைப் பார்த்து, சரி என்று ஒப்புதல் கொடுத்தவன் நான்தான். அதனால்தான் இந்த வேலையை மனிதக் கண்ணிடம் விடக்கூடாது என்று சொல்கிறேன்.

விதிகள்தான் என்ன?

முதல் அடுக்கு எங்களுடையது இல்லை. ஜென்டூவின் பொதி மேலாளர் விவரக்குறிப்பு என்னும் ஆவணம் சொல்வது: தெரிவின் பெயரில் ஆங்கில எழுத்துகள், எண்கள், கூட்டல் குறி, அடிக்கோடு, அட் குறி, இடைக்கோடு மட்டும் வரலாம், முதல் குறி எழுத்தாகவோ எண்ணாகவோ இருக்க வேண்டும். புள்ளிக்கு இடமில்லை. அடிக்கோட்டை வேறொரு காரியத்துக்காக ஒதுக்கிவைத்திருப்பதாகக் கருத வேண்டும் என்றும் அது சொல்கிறது.

அதன் மேல் நாங்கள் வைத்தவை நான்கு. எல்லாம் சிறிய எழுத்து. சொற்களைப் பிரிக்க இடைக்கோடு. 'நோ' என்று தொடங்கும் பெயர் கூடாது. ஒரே வேலைக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தால் அதையே எடுக்க வேண்டும். இந்த நான்கில் கடைசியானதுதான் உயிர். மற்ற மூன்றும் அந்த ஒன்றைக் காப்பாற்றத்தான்.

அடிக்கோடு போட்டால் என்ன குடி முழுகிவிடும்?

மதுரைக்காரரிடம் இதை விளக்குவது எளிது. கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதிகள், அதற்கு வெளியே ஆவணி மூல வீதிகள், அதற்கும் வெளியே மாசி வீதிகள். ஒவ்வொன்றுக்கும் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என்று நான்கு. 'மேலமாசி வீதி' என்று சொன்னால் ஊருக்குப் புதியவருக்குக்கூட இரண்டு செய்திகள் கிடைக்கின்றன: எந்தச் சுற்று, அதில் எந்தப் பக்கம். பெயரே வழி சொல்லிவிடுகிறது. யாராவது தன் வீட்டுச் சந்துக்கு 'வடமேல மாசி வீதி' என்று பலகை மாட்டினால் தபால்காரர் சுற்றிச் சுற்றி வருவார்.

ஜென்டூவில் அடிக்கோடு அந்தச் சுற்றைக் காட்டும் குறி. ஒரே வகையைச் சேர்ந்த தெரிவுகளை ஒரு குடும்பமாகக் கட்டி, குடும்பப் பெயர், அடிக்கோடு, உறுப்பின் பெயர் என்று எழுதுவார்கள். 'யூஸ் எக்ஸ்பாண்ட்' என்பது இந்த ஏற்பாட்டின் பெயர். 'வீடியோ கார்ட்ஸ்' ஒரு குடும்பம், 'பைதான் டார்கெட்ஸ்' ஒரு குடும்பம். பைதான் 3.12 பதிப்புக்கான தெரிவு 'பைதான்3_12' என்று முடிவதைப் பார்த்துக் குழம்பியிருப்பீர்கள். பெயரில் புள்ளி வரக்கூடாது என்பதால் அங்கே அடிக்கோடு உட்கார்ந்திருக்கிறது, அதுவும் ஒரு குடும்பத்துக்குள் இருப்பதால் அனுமதி.

இந்த ஏற்பாடு எதற்கு உதவும் என்பதற்கு 2015 நல்ல சான்று. அதுவரை எம்எம்எக்ஸ், எஸ்எஸ்இ2 போன்ற செயலிக் கட்டளைத் தொகுதிகளின் பெயர்கள் மற்றத் தெரிவுகளோடு ஒரே கூட்டத்தில் நின்றன. ஒலிக்கும் அச்சுக்கும் நடுவில் செயலியின் பெயர். அந்த ஆண்டு அவற்றைப் பிரித்து 'சிபியூ ஃபிளாக்ஸ் எக்ஸ்86' என்ற குடும்பத்தில் வைத்தார்கள். இப்போது ஒரு சிறு கருவி உங்கள் செயலியைப் படித்து அந்தக் குடும்பத்தின் வரியை மட்டும் எழுதித் தந்துவிடுகிறது. குடும்பம் தனியாக நிற்பதால்தான் அது சாத்தியம்.

எனவே 'பாமினி_மாற்று' என்று நீங்கள் பெயர் வைத்தால், படிப்பவர் 'பாமினி' என்றொரு குடும்பம் இருப்பதாக எண்ணிக்கொள்வார். இடைக்கோடு போடுங்கள்.

'நோ-டாக்' என்று வைத்தேன், நிராகரிக்கப்பட்டது. ஆவணம் வேண்டாதவர்கள் அதை இயக்கிக்கொள்வார்கள். இதில் என்ன தவறு?

டீக்கடைக்குப் போய் "சீனி இல்லாமல் ஒன்று" என்று சொன்னால் மாஸ்டருக்குப் புரியும். ஆனால் 'சீனி-இல்லாமை' என்று ஒரு சுவிட்சு வைத்து, அதை அணைத்துவிடச் சொன்னால் டீயில் சீனி உண்டா, இல்லையா? ஒரு கணம் யோசித்தீர்கள் அல்லவா? ஜென்டூவில் தெரிவை அணைக்க அதன் முன்னால் ஒரு கழித்தல் குறி போட வேண்டும். 'நோ-டாக்' என்பதற்கு முன்னால் கழித்தல் குறி வந்தால், வேண்டாம் என்பது வேண்டாம் என்றாகிவிடும். பொதிக்குள்ளே நிபந்தனை எழுதுபவரும் இதே முடிச்சை ஒவ்வொரு வரியிலும் அவிழ்க்க வேண்டும்.

'இயல்பாக ஆவணம் இருக்கட்டும், வேண்டாதவர் மட்டும் அணைக்கட்டும்' என்பதுதான் உங்கள் எண்ணம் என்றால் அதற்கு நேர்வழி உண்டு. பொதியின் தெரிவுப் பட்டியலில் 'டாக்' என்பதற்கு முன் ஒரு கூட்டல் குறி போடுங்கள். முன்னிருப்பாக இயங்கும் நிலைக்கு வந்துவிடும். பெயர் எதைத் தருகிறது என்பதை மட்டும் சொல்லட்டும். தருவதா வேண்டாமா என்பதைக் குறி சொல்லட்டும்.

இந்தக் குழப்பத்தில் நாம் தனியாக இல்லை. ஃபெடோராவும் ஆர்.பி.எம். பொதி முறையைப் பயன்படுத்தும் மற்ற லினக்ஸ் வழங்கல்களும் 'பிகாண்ட்-வித்', 'பிகாண்ட்-வித்தவுட்' என்ற இரண்டு மேக்ரோக்களை நெடுங்காலம் வைத்திருந்தன. 'வித்' என்று எழுதினால் அந்த வசதி முன்னிருப்பாக இருக்காது. 'வித்தவுட்' என்று எழுதினால் இருக்கும்! கட்டளை வரியில் எந்தத் தேர்வை அது திறந்துவிடுகிறதோ அதன் பெயரை மேக்ரோவுக்கு வைத்ததால் வந்த வினை. பின்னால் வந்த ஆர்.பி.எம். பதிப்புகளில் வெறும் 'பிகாண்ட்' வந்தது: பெயரை எழுதி, பக்கத்தில் ஒன்று அல்லது சுழியம். படித்தால் புரிகிறது.

டெபியன் லினக்ஸில் 'நோசெக்', 'நோடாக்' என்றுதானே இருக்கிறது?

இருக்கிறது. அங்கே அவை பொருத்தமும்கூட. டெபியனில் அந்தச் சொற்கள் பொதிக்குள் நிரந்தரமாகக் கிடக்கும் சுவிட்சுகள் இல்லை. பொதியைத் தொகுப்பவர் 'டெப் பில்டு ஆப்ஷன்ஸ்' என்ற சூழல் மாறியில் இந்த ஒருமுறைக்கு இதை விட்டுவிடு என்று சொல்வது. வழக்கமான தொகுப்பில் சோதனையும் உண்டு, ஆவணமும் உண்டு. விதிவிலக்குக்குத்தான் பெயர் தேவைப்படுகிறது. அதை அணைக்கும் குறியும் கிடையாது, ஆகவே இரட்டை மறுப்பு வராது.

டெபியன் கொள்கை ஆவணம் இதிலும் கறார்தான். சிறிய எழுத்தில் தொடங்க வேண்டும். பிறகு சிறிய எழுத்து, எண், இடைக்கோடு, அடிக்கோடு மட்டும். தவறான பெயரைக் கண்டால் அதன் தொகுப்புக் கருவி எச்சரிக்கும். தொகுப்பு விவரங்கள் என்று அங்கே இன்னோர் ஏற்பாடும் உண்டு. அதில் ஒரு பொதிக்கு மட்டும் உரிய பெயரை யார் வேண்டுமானாலும் உருவாக்கலாம், ஆனால் 'பிகேஜி', புள்ளி, மூலப்பொதியின் பெயர், புள்ளி, பிறகு உங்கள் சொல் என்றுதான் எழுத வேண்டும். வீட்டுக்குள் என்ன பெயர் வேண்டுமானாலும் சொல்லிக் கூப்பிடுங்கள், தெருவில் கூப்பிடும்போது வீட்டுப் பெயரோடு கூப்பிடுங்கள் என்கிற ஏற்பாடு. எனக்கு ஜென்டூ பழகிய கை. இருந்தாலும் இந்த ஒன்றில் டெபியனைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமை உண்டு.

தமிழ் மொழிக்கான தெரிவுக்கு எந்தப் பெயர்: டிஏ, டிஏஎம், தமிழ்?

'டிஏ'. அதுவும் தனியாக இல்லை, 'எல்10என்' குடும்பத்துக்குள்.

எங்கள் களஞ்சியத்தில் ஒரு காலத்தில் மூன்றும் இருந்தன, ஒரே மாதத்தில் மூன்று பேர் எழுதியதால். ஜென்டூவில் மொழிகளுக்கு முன்பு 'லிங்குவாஸ்' என்ற குடும்பம் இருந்தது. அந்தப் பெயரையே கெட்டெக்ஸ்ட் என்ற கருவி வழியாக மொழிபெயர்ப்புகளை நிறுவும் தொகுப்பு முறைகளும் சூழலிலிருந்து நேராகப் படித்துக்கொள்ளும்; பொதி மேலாளர் ஒன்று நினைக்க, நிரல் இன்னொன்று செய்யும். அதனால் 2016-இல் 'எல்10என்' என்ற புதிய குடும்பத்துக்கு மாறினார்கள். மொழிக் குறிகளை எழுதும் முறையும் அப்போது சீரானது. பிரேசில் போர்ச்சுகீசுக்கு நடுவில் இருந்த அடிக்கோடு இடைக்கோடானது.

சிக்கல், நிரல்கள் எல்லாம் ஒரே குறியைப் பயன்படுத்துவதில்லை என்பது. படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் டெசராக்ட், தமிழுக்கு 'டிஏஎம்' என்ற மூன்றெழுத்துக் குறியை வைத்திருக்கிறது. அதற்காகத் தெரிவின் பெயரை மாற்றாதீர்கள். பயனர் 'டிஏ' என்றுதான் எழுதுவார். அதை 'டிஏஎம்' ஆக்கிக் கோப்பைத் தேடி எடுப்பது பொதிக்குள் நீங்கள் எழுத வேண்டிய ஒரு வரி.

இன்னொன்று, தமிழ்99 என்பது மொழி இல்லை. 1999-இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை அமைப்பு. அதை எல்10என் குடும்பத்தில் நுழைக்கச் சொல்லி ஆண்டுக்கு ஒருவராவது வருகிறார். தமிழ் இடைமுகம் வேண்டாத ஒருவருக்கும் தமிழில் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும். இரண்டும் வேறு வேறு சுவிட்சு.

மூல நிரலை எழுதியவர்கள் வைத்த பெயரையே எடுத்துக்கொண்டால் என்ன?

அவர்கள் தங்கள் நிரலை மட்டும் பார்த்துப் பெயர் வைக்கிறார்கள். நமக்கு நூறு நிரல்கள். ஆட்டோகான்ஃப் என்ற தொகுப்புக் கருவியின் மரபில் உள்ளே இருக்கும் வசதிக்கு 'எனேபிள்', வெளியிலிருந்து வரும் நிரலகத்துக்கு 'வித்' என்று முன்னொட்டு வரும். மீசான் என்ற இன்னொரு கருவியில் அந்த முன்னொட்டே கிடையாது. அடுத்த பதிப்பில் அவர்கள் ஆட்டோகான்ஃபை விட்டு மீசானுக்குப் போனால் பயனரின் கோப்பில் எதற்கு மாற்றம் வர வேண்டும்? முன்னொட்டை உதறிவிட்டு, பயனருக்கு என்ன கிடைக்கிறது என்பதைப் பெயராக்குங்கள். குறியாக்கத் தொடர்பு வேண்டுமா என்பதற்கு 'எஸ்எஸ்எல்'. அதை எந்த நிரலகம் தருகிறது என்று பயனர் தேர்ந்தெடுக்க முடிந்தால் மட்டும் 'ஓப்பன்எஸ்எஸ்எல்', 'குனூடிஎல்எஸ்' என்று கூடுதலாக.

பெயரைத் தமிழ் எழுத்திலேயே வைக்கலாமா?

முடியாது. மேலே சொன்ன விவரக்குறிப்பு ஆங்கில எழுத்துகளைத் தவிர வேறெதையும் ஏற்காது. எனக்கும் வருத்தம்தான். ஆனால் விளக்கத்தைத் தமிழில் எழுதலாம்: பொதியின் விவரக்கோப்பு யூனிகோடில்தான் இருக்கிறது, விளக்கம் எந்த மொழியில் என்று குறிக்கவும் அதில் இடமிருக்கிறது. எங்கள் களஞ்சியத்தில் ஆங்கிலம் ஒன்று, தமிழ் ஒன்று என இரண்டும் கட்டாயம்.

விளக்கம் என்றால் விளக்க வேண்டும். 'எக்ஸ்ஒய்இசட் ஆதரவைச் சேர்க்கும்' என்று எழுதினால், பெயரை இன்னொரு முறை எழுதியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

எத்தனை பொதிகளில் வந்தால் பொதுப் பெயராகும்?

ஜென்டூவில் குறைந்தது ஐந்து பொதிகள், ஒரே பொருளில். அதன் பிறகு பேசி முடிவு செய்து பொதுப் பட்டியலில் சேர்ப்பார்கள். நாங்கள் சிறியவர்கள், மூன்று போதும் என்று வைத்திருக்கிறோம்.

சோதனை எங்கே, எப்படி நடக்கிறது?

இரண்டு இடத்தில். உங்கள் கணினியிலிருந்து மாற்றத்தை அனுப்பும் முன் ஒருமுறை. களஞ்சியத்தில் சேரும் முன் இன்னொருமுறை. முதலாவது உங்கள் நேரத்தை மிச்சப்படுத்த, இரண்டாவது எங்களைக் காப்பாற்ற. ஜென்டூவின் சொந்தக் கருவியான 'பிகேஜிசெக்' பாதி வேலையைச் செய்துவிடுகிறது. குடும்பம் இல்லாத அடிக்கோடு, பொதுப் பட்டியலில் ஏற்கெனவே இருக்கும் பெயரைத் தனிப்பெயராக மறுபடி விளக்குவது போன்றவற்றை அதுவே பிடிக்கும். மீதியை நாங்கள் எழுதிய சிறு நிரல் பார்க்கிறது.

அந்தச் சிறு நிரலை எழுதும்போது பட்ட அடிகளைச் சொல்கிறேன், வேறு வழங்கலில் இதையே செய்ய நினைப்பவர்களுக்குப் பயன்படும். முதல் பதிப்பு பொதிக் கோப்பைத் திறந்து தெரிவுப் பட்டியல் வரியைத் தேடியது. கூட்டல் குறியில் தொடங்கும் எல்லாப் பெயர்களும் தவறு என்று அறிவித்தது. அந்தக் கூட்டல் குறி பெயரின் பகுதியே இல்லை, முன்னிருப்பைக் காட்டும் அடையாளம் என்பது அதற்குத் தெரியவில்லை. அதைச் சரிசெய்தோம். பிறகு பல வரிகளில் எழுதிய பட்டியல்களில் முதல் வரியை மட்டும் படித்தது. அதையும் சரிசெய்தோம். அப்புறம்தான் உறைத்தது: பொதிகள் பொதுவான நிரல் துண்டுகளை வெளியிலிருந்து இழுத்துக்கொள்கின்றன, அந்தத் துண்டுகளும் தம் பங்குக்குத் தெரிவுகளைச் சேர்க்கின்றன. பொதிக் கோப்பை எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் அவை கண்ணில் படாது. கடைசியில் போர்ட்டேஜ் ஒவ்வொரு பொதிக்கும் கணித்து வைக்கும் விவரச் சேமிப்பைப் படிக்கத் தொடங்கினோம். எல்லாம் சேர்ந்த இறுதிப் பட்டியல் அதில் ஒரே வரியில் இருக்கிறது. இருநூறு வரி நிரல் நாற்பது வரியானது.

ஒத்த பெயரைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கி, கோடுகளை நீக்கி ஒப்பிட்டால் பாதி கிடைத்துவிடும். 'தம்99', 'தமிழ்99' போன்றவற்றுக்கு எத்தனை எழுத்து மாறுகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அப்படி எண்ணத் தொடங்கிய முதல் நாளே 'எஸ்எஸ்எல்', 'எஸ்டிஎல்' இரண்டும் ஒன்றா என்று கேட்டது. ஒன்று பாதுகாப்புத் தொடர்பு, மற்றது விளையாட்டுகளுக்கான வரைகலை நிரலகம். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஆகவே ஐந்து எழுத்துக்குக் குறைந்த பெயர்களை இந்த ஒப்பீட்டிலிருந்து விலக்கினோம். மற்றவற்றுக்கும் அதை எச்சரிக்கையாக மட்டும் வைத்தோம். அடிக்கோடு, பெரிய எழுத்து, 'நோ' மூன்றும் பிழை. அவற்றில் ஐயத்துக்கு இடமில்லை. ஒத்த பெயர் என்பது கருத்து. அதை மனிதர் பார்த்து முடிவு செய்யட்டும்.

செய்தியின் வாசகத்துக்கு நிரலைவிட அதிக நேரம் செலவிட்டோம். 'தவறான பெயர்' என்று மட்டும் சொல்லும் கருவியை ஒரு வாரத்தில் எல்லோரும் வெறுத்துவிடுவார்கள். இப்போது இப்படிச் சொல்கிறது: "தம்99: இதே வேலைக்குத் தமிழ்99 என்ற பெயர் 3 பொதிகளில் இருக்கிறது. அதையே வையுங்கள். வேலை வேறு என்றால் வேறுபாட்டை விளக்கத்தில் எழுதுங்கள்."

பழைய தவறான பெயர்களை எல்லாம் ஒரே நாளில் மாற்றிவிடலாமே?

புதிதாகச் சேரும் எல்லோரும் முதல் வாரத்தில் கேட்பது இது. கை துறுதுறுக்கும், தெரியும். வேண்டாம்.

ஒரு பொதியின் பெயரை மாற்றினால் அதைப் பயனரின் கணினிக்கு எடுத்துச் சொல்ல ஜென்டூவில் வழி இருக்கிறது. 'நகர்த்து' என்று ஒரு வரி எழுதினால் போர்ட்டேஜ் நிறுவிய பதிவுகளைத் திருத்திக்கொள்ளும். தெரிவின் பெயருக்கு அந்த வசதி கிடையாது. நீங்கள் மாற்றிய நொடியிலிருந்து பயனர் கோப்பில் இருக்கும் பழைய பெயர் செத்த பெயர், அதைச் சொல்ல ஆள் இல்லை. தெரிவு மாற்றங்களைக் கவனித்துத் தொகுக்கும்படி அமைத்திருக்கும் கணினிகளில் அந்தப் பொதி ஒன்றுமில்லாத காரணத்துக்காக மறுபடி தொகுபடும். பெரிய பொதியாக இருந்தால் ஆய்வகத்தில் ஒரு பிற்பகல் போச்சு.

சித்திரைத் திருவிழாத் தேர் மாசி வீதிகளில்தான் ஓடுகிறது. பெயரும் விழாவும் பொருந்தவில்லை என்று யாரும் வீதிப் பலகையைக் கழற்றவில்லை. ஊருக்கே வழி தெரிகிறது, போதும். அழகில்லாத பெயர் என்பது மட்டும் குறை என்றால் விட்டுவிடுங்கள். சோதனை நிரலுக்குப் பழைய பாவங்களின் பட்டியல் ஒன்று கொடுத்திருக்கிறோம், அதிலிருப்பவற்றைக் கண்டுகொள்ளாது.

தவறான பொருள் தரும் பெயர், அல்லது கணினி முழுவதற்குமான வரியில் வேறு பொதியோடு மோதும் பெயர் என்றால் மாற்றத்தான் வேண்டும். அப்போது பதிப்பு உயரும் சமயத்துக்குக் காத்திருங்கள், எப்படியும் தொகுக்கத்தானே போகிறார்கள். பழைய பெயரையும் புதிய பெயரையும் ஒரு சுற்று சேர்த்தே வைத்திருங்கள். நிறுவும் முன் பயனருக்குச் செய்தி வரும்படி செய்யுங்கள். 2015-இல் செயலித் தெரிவுகளை மாற்றியபோது ஜென்டூவும் பழைய வரியை உடனே அழிக்க வேண்டாம், புதியதோடு சேர்த்து வைத்திருங்கள் என்றுதான் பயனர்களுக்குச் சொன்னது.

நான் இரண்டாம் ஆண்டு மாணவன். என் முதல் பொதியே பெயருக்காகத் திரும்பி வந்துவிட்டது. அனுப்பியதே தவறோ என்று தோன்றுகிறது, அண்ணே.

தம்பி, திருப்பி அனுப்பியது நிரல். அதற்கு உங்களைத் தெரியாது. போன மாதம் என்னுடையதையும் அனுப்பியது, பெரிய எழுத்துக்காக. பெயரை மாற்றி மறுபடி அனுப்புங்கள். பொதியைப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது.

விதிவிலக்கு யார் கொடுப்பது?

களஞ்சியத்தில் விதிவிலக்குக்கென்று ஒரு கோப்பு இருக்கிறது. ஒரு பெயர், ஒரு காரணம், ஒப்புதல் கொடுத்த இருவர். இரண்டு பேர் சம்மதம் இல்லாமல் வரி சேராது; அதில் பெயரை முன்மொழிந்தவர் ஒருவராக இருக்கக்கூடாது. இப்போது அதில் நான்கு வரிகள். முதல் வரி 'எக்ஸ்': வரைகலைச் சூழலுக்கான அந்த ஒற்றைப் பெரிய எழுத்து ஜென்டூவில் தொன்றுதொட்டு இருந்துவருவது, அதைச் சிறியதாக்கும் அதிகாரம் எங்களுக்கு இல்லை. அடுத்த இரண்டும் அச்சகங்களின் கோப்புகளில் ஏற்கெனவே ஊறிப்போனவை. நான்காவது நான் சேர்த்தது. அதற்கு எழுதியிருக்கும் காரணத்தை இப்போது படித்தால் எனக்கே சப்பென்று இருக்கிறது. அடுத்த பதிப்பில் எடுத்துவிடுவேன்.